சென்றி அண்ணையும் பூநகரி பஸ்ஸும்

கிளிநொச்சி பஸ் நிலையத்துக்குள் கால் வைத்த எவரையும் சென்றி அண்ணை சந்தேகப்படாமல் விட்டதில்லை. வாசலில் இருக்கிற பிள்ளையாரைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. "இவ்வளவு தேங்காய் உடைக்குதுகள். பாதித் தேங்காய் எங்கை போகுது எண்டு ஆராவது விசாரிச்சனீங்களோ?" என்று பூசாரியின் முகத்துக்கு நேரே ஒருநாள் கேட்டார். அன்றிலிருந்து பூசாரி அவருக்குத் திருநீறு கொடுக்கும்போது கையை மட்டும் நீட்டிவிட்டு முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொள்வார். அந்தத் திருநீற்றையும் அண்ணை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் பூசுவார்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. நான் அப்போது பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த தனியார் பஸ் சங்கத்தின் தகரக் கூரை அலுவலகத்தில் கிளாக்கர். அவர் அந்தச் சங்கத்தின் பரிசோதகர். ஓடுகிற பஸ்களை வழியில் மறித்து ஏறி, எல்லாப் பயணிகளுக்கும் நடத்துனர் ரிக்கற் கொடுத்திருக்கிறாரா என்று பார்ப்பதுதான் அவருடைய வேலை. மற்ற நேரங்களில் நிலைய வாசலில், முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, உள்ளே வருகிறவனையும் வெளியே போகிறவனையும் மாறிமாறிப் பார்த்தபடி நிற்பார். வன்னியில் காவலுக்கு நிற்பதைச் சென்றிக்கு நிற்பது என்றுதான் சொல்வோம். அதனால் அவருக்குப் பெயர் தேடி யாரும் மினக்கெடவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே என்னைச் சுவரோரமாக அழைத்துப் போனார்.

"தம்பி, நீர் ஏன் இந்த வேலைக்கு வந்தனீர்?"

"சம்பளத்துக்குத்தான் அண்ணை."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவினம்," என்று தலையை ஆட்டிவிட்டு, "சரி, போய் வேலையைப் பாரும். நான் பார்த்துக்கொண்டுதான் இருப்பன்" என்றார். சொன்னபடியே பார்த்துக்கொண்டுதான் இருந்தார். மதியம் நான் சோற்றுப் பொதியைப் பிரித்தபோதும் யன்னலுக்கு வெளியே அவருடைய தலை தெரிந்தது.

பரிசோதகர்கள் சந்தியில் நின்று கையைக் காட்டி பஸ்ஸை மறிப்பார்கள். அது நாகரிகமான வழக்கம். அண்ணைக்கு அதில் நம்பிக்கை இல்லை. மதகுக்குள் இருந்து ஏறி வருவார். கீரைக்கட்டோடு வயலுக்குள் இருந்து வருவார். ஒருமுறை சாவு வீட்டுக்குப் போகிறவர்கள் கூட்டத்தோடு வெள்ளை வேட்டி கட்டி, அவர்களோடு சேர்ந்து அழுதுகொண்டே ஏறி, அடுத்த தரிப்பிடத்தில் கண்ணைத் துடைத்துவிட்டு, "எல்லாரும் ரிக்கற்றைக் காட்டுங்கோ" என்றார். செத்தவரின் மகன் மட்டும் ரிக்கற் வைத்திருக்கவில்லை. அவனிடமும் விளக்கம் கேட்டார். இதனால் எங்கள் நடத்துனர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. இரணைமடுச் சந்திக்குக் கிட்ட ஒரு வயலில் ஆள் உருவில் புதிதாக வெருளி கட்டியிருந்தார்கள். அந்த அறுவடை முடியும்வரை அந்த வயலைத் தாண்டிய எங்கள் பஸ் ஒவ்வொன்றிலும், வெருளியைக் கண்ட உடனேயே நடத்துனர் பாய்ந்து பாய்ந்து எல்லோருக்கும் ரிக்கற் கிழித்தார். குருவியை வெருட்டியதோ இல்லையோ, அந்த வெருளி சங்கத்துக்கு நன்றாக உழைத்தது.

நிலையத்துக்கு எதிரே நானாவின் தேத்தண்ணிக்கடை இருந்தது. முல்லைத்தீவுப் பக்கத்து முஸ்லிம் மனிதர், இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்து கடை போட்டவர். அண்ணை அங்கே தேத்தண்ணி குடிப்பது பார்க்க வேண்டிய காட்சி. தனக்கு வைத்த கோப்பையைத் தொடமாட்டார். பக்கத்து மேசைக்காரனுக்கு வைத்ததை எடுத்துக்கொண்டு தன்னுடையதை அவன் பக்கம் தள்ளிவிடுவார். நானா ஒருநாள் பொறுக்க முடியாமல், "அல்லாஹ் அறிய எல்லாம் ஒரே கேத்தில்தான் அண்ணே, நஞ்சு வாங்கிறதுக்கு எனக்கு எங்க வசதி?" என்று கேட்டார். "வசதி இல்லை எண்டதை நானும் விசாரிச்சனான்," என்றார் அண்ணை, கோப்பையை மாற்றியபடியே.

இப்படிப்பட்ட மனிதரைத்தான் எங்கள் சங்கத் தலைவர் வேலைக்கு ஆள் தெரிவு செய்யும் பொறுப்பிலும் போட்டிருந்தார். பஸ் வேலைக்கு ஆள் கிடைக்காத காலம் அது. இளம் பெடியங்கள் அரசாங்க வேலைக்குக் காத்திருந்தார்கள், அல்லது வெளிநாட்டுக்குக் காத்திருந்தார்கள், இரண்டும் அலுத்தவன் ஓட்டோ எடுத்தான். அலுவலகச் சுவரில் நான் ஒட்டிய 'சாரதிகள், நடத்துனர்கள் தேவை' என்ற அறிவித்தல் வெயிலில் வெளிறிப்போய் 'தேவை' மட்டும் தெரிந்தது. பூநகரிக்கு ஓடவேண்டிய பஸ் சாரதி இல்லாமல் வேப்பமரத்தின் கீழ் நின்றது. அந்தப் பக்கத்துச் சனம் வருகிற ஒன்றிரண்டு பஸ்ஸுக்காக வெயிலில் மணிக்கணக்காக நின்றது.

அப்படியும் தப்பித்தவறி வந்தவர்களை அண்ணை ஓட ஓட விரட்டினார். பட்டதாரி ஒருவன் வந்தான். "கம்பஸ் படிச்சவன் கொண்டக்டர் வேலைக்கு வாறான் எண்டால் அங்கை என்னத்தைச் செய்துபோட்டு வாறான்?" நெற்றி நிறையத் திருநீறோடு ஒருவர் வந்தார். "இவ்வளவு பூசுறதுக்கு இவர் என்ன பாவம் செய்தவர்?" முன்பு வேலை பார்த்த முதலாளியிடம் நற்சாட்சிக் கடிதம் வாங்கிக்கொண்டு இன்னொருவன் வந்தான். "இவ்வளவு நல்லவனை அவர் ஏன் விட்டவர்?" அவன் கடிதத்தையும் விட்டுவிட்டுப் போய்விட்டான்.

அந்த நிலைமையில்தான் விஜயராணி வந்தாள்.

அக்கராயன் பக்கத்துப் பிள்ளை. அவளுடைய தாத்தா காலத்தில் மலையகத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்து காடு வெட்டிக் கமம் செய்த குடும்பம். புருஷன் இறந்து போனான், இரண்டு சின்னப் பிள்ளைகள், வயதான தாய். புருஷன் ஓட்டிய உழவு மெசினை ஓட்டப் பழகி ஊர் வயலெல்லாம் உழுதாள். பிறகு மணல் ஏற்றுகிற ரிப்பர் லொறி ஓட்டினாள். பஸ் ஓட்டுகிற லைசென்ஸும் எடுத்திருந்தாள். ரிப்பர் முதலாளி ரிப்பரை விற்றுவிட, அவளுக்கு வேலை போயிற்று. அரபு நாட்டுக்கு வீட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் ஒருவன் அவளுடைய பாஸ்போர்ட்டை வாங்கி வைத்திருந்தான்.

"வர்ற வாரத்துக்கு அடுத்த திங்கக்கிழமை கொழும்புக்கு வரச் சொல்லியிருக்காங்க," என்றாள். "இங்க வேலை கிடைச்சா போகமாட்டேங்க. சின்னது என்னைய விட்டுட்டு இருக்காதுங்க." எங்களோடு பழகினால் எங்கள் தமிழையே பேசக்கூடியவள். மனது பதறினால் தாய் வீட்டுப் பேச்சு வந்துவிடும். அன்றைக்கு முழுவதும் அந்தப் பேச்சுத்தான் வந்தது.

நான் மனதுக்குள், பிள்ளை, நீ பிள்ளையாரிடம் போயிருக்கலாம், சென்றியிடம் வந்துவிட்டாயே என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணை அவளைச் சுற்றி ஒரு வட்டம் நடந்தார்.

"நீர் ஏன் பஸ் ஓட்ட வாறீர்?"

"எனக்கு அது மட்டுந்தான் தெரியும்ங்க."

"ரிப்பர்காரன் ஏன் ரிப்பரை வித்தவன்?"

"கடன்ங்க."

"அவன் அப்பிடிச் சொன்னவனோ, நீர் விசாரிச்சனீரோ?"

அவள் ஓடவில்லை. அண்ணையின் கேள்விக்கு முன்னால் ஓடாமல் நின்ற முதல் ஆளை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அதுவே அவருக்குப் பெரிய சந்தேகமாகிவிட்டது. "ஓடாமல் நிக்கிறாள் எண்டால் ஆரோ சொல்லி அனுப்பியிருக்கினம்," என்று என் காதில் சொன்னார்.

தலைவருக்கு விருப்பமில்லை. பூநகரி பஸ் அவருடைய சொந்த பஸ். பொம்பிளை ஓட்டினால் சரிவராது என்று முணுமுணுத்தார். ஆனாலும் வவுனியாவுக்கு ஓடுகிற சாரதி ஒருவருக்குக் காய்ச்சல் என்றபடியால், ஒரு ஓட்டம் ஓடிக் காட்டட்டும், சென்றி கூடப் போகட்டும், வருகிற சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமைக் கூட்டத்தில் முடிவெடுப்போம் என்று சொல்லிவிட்டார். அவளுடைய திங்கட்கிழமைக்கு முதல் சனிக்கிழமை அது. அண்ணையை நம்பி அவளைத் தனியே விட எனக்கு மனம் வரவில்லை. நானும் ஏறிக்கொண்டேன்.

ராணி பஸ்ஸை ஓட்டியதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நல்ல சாரதியைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இருக்காது. அண்ணை அவளுக்குப் பின்னால் 'மதகுருமாருக்கு' என்று எழுதியிருக்கிற இருக்கையில் இருந்துகொண்டு அவளுடைய பிடரியைப் பார்த்தபடியே வந்தார். முறிகண்டியில் அவள் பஸ்ஸை நிறுத்திக் கற்பூரம் கொளுத்தியபோதும் பின்னாலேயே இறங்கிப் போய், என்ன வேண்டுதல் வைக்கிறாள் என்று காதைக் கொடுத்துக் கேட்டார். மாங்குளம் தாண்டி, புளியங்குளம் தாண்டி, ஓமந்தை வந்தது.

ஓமந்தை என்றால் என்னவென்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அங்கே ஒரு காலத்தில் பெரிய சோதனைச் சாவடி இருந்தது. பஸ்ஸில் வந்த எல்லோரும் மூட்டை முடிச்சோடு இறங்கி, வரிசையில் நின்று, அடையாள அட்டையைக் காட்டி, தடவிப் பார்க்கக் கையைத் தூக்கி, நடந்துபோய் மற்றப் பக்கத்தில் ஏற வேண்டும். அதெல்லாம் எடுத்துக் கனகாலம். இப்போது அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதே கஷ்டம்.

அன்றைக்கு அந்த இடத்துக்குக் கிட்ட ஒரு மாட்டுப் பட்டி வீதியைக் கடந்துகொண்டிருந்தது. யாரோ ஒரு பொலிஸ்காரர், நல்ல மனிதர், வீதியின் நடுவில் நின்று மாடுகள் போகட்டும் என்று எங்கள் பஸ்ஸுக்குக் கையைக் காட்டினார். ராணி பிரேக் போட்டாள். அவ்வளவுதான். சென்றி அண்ணை விசுக்கென்று எழும்பினார்.

"எல்லாரும் இறங்குங்கோ! பாக் எல்லாத்தையும் தூக்குங்கோ! ஐ.சி.யைக் கையிலை எடுங்கோ!"

சிரிக்காதீர்கள். பஸ் முழுவதும் இறங்கியது. ஏன் என்று ஒருவர் கேட்கவில்லை. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் மற்றப் பக்கம், தானாக இரண்டு வரிசை வந்தது. ஒருவர் கேட்காமலே தன்னுடைய பிஸ்கட் பெட்டியின் மூடியைக் கழற்றிக் காட்டிக்கொண்டு நின்றார். ஒரு அம்மா சோற்றுப் பொதியைப் பிரித்துவிட்டார். சாவடியை வாழ்க்கையில் கண்டேயிராத பள்ளிக்கூடப் பெட்டை ஒன்றும், ஏனென்று தெரியாமலே, பெரியவர்களைப் பார்த்துக் கொப்பிப் பையைத் திறந்து பிடித்தது. படித்தவன், பேப்பரில் எழுதுகிற ஆசை உள்ளவன், நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன்.

பொலிஸ்காரர் எங்களைப் பார்த்தார். மாடுகளைப் பார்த்தார். மறுபடியும் எங்களைப் பார்த்தார். "மொகத?" என்ன இது என்று சிங்களத்தில் தன்பாட்டில் கேட்டுவிட்டு, இவர்களிடம் ஏதோ இருக்கிறது என்பதுபோல இரண்டு அடி பின்னால் வைத்தார். கடைசி மாடு கடந்ததும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வீதியில் வேறு ஒருவரும் இல்லை. வெறும் வெயில். அடையாள அட்டைகளை நீட்டிக்கொண்டு நாங்கள் நின்றோம். வரிசையின் முன்னால் சென்றி அண்ணை. அவருடைய அட்டை காற்றில்லாமலே ஆடியது.

எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை. பின்னுக்கு யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்தினார்கள். அந்தச் சிரிப்பு தொடர்ந்திருந்தால் அண்ணை அந்த இடத்திலேயே உடைந்து போயிருப்பார் என்று நினைக்கிறேன். அப்போது ராணி சாரதிக் கதவைத் திறந்து குதித்தாள். நேரே பின்பக்கம் போனாள். பின் டயரைக் காலால் இரண்டு தரம் உதைத்தாள்.

"நான்தாங்க எல்லாரையும் இறக்கச் சொன்னேன்," என்றாள் உரத்த குரலில். "டயர்ல காத்துக் குறைஞ்ச மாதிரி இருந்துச்சு. பாரத்தோட பாக்க முடியாதுங்க. பாத்தாச்சு, ஒண்ணுமில்ல. ஏறுங்க."

"ஓம் ஓம், ரயர்தானே," என்றார் பிஸ்கட்காரர், அவசரமாக மூடியைப் போட்டபடி. "ரயர் எண்டால் பார்க்கத்தானே வேணும்," என்றார் இன்னொருவர். சோற்றுப் பொதி அம்மா, "இந்த வெயிலுக்கு ரயர் வெடிக்கிறதுதான்," என்று ஒத்துப் பாடினார். அந்தப் பொய் எங்கள் எல்லோருக்கும் தேவைப்பட்டது. நானும் கையை இறக்கிவிட்டு டயரைப் போய்ப் பார்த்தேன். எல்லோரும் ஏறினோம்.

அன்றோடு அவளுக்கு வேலை நிச்சயம் என்று நீங்கள் நினைத்தால் உங்களுக்குச் சென்றி அண்ணையைத் தெரியாது. கிளிநொச்சிக்குத் திரும்பி வந்ததும் என்னைச் சுவரோரம் இழுத்தார்.

"தம்பி, ரயரிலை ஒரு பிழையும் இல்லை. நான் போகேக்கையே பார்த்தனான்."

"தெரியும் அண்ணை."

"பிறகேன் அவள் அப்பிடிச் சொன்னவள்?"

"உங்களுக்காகத்தான்."

"எனக்காகவோ? நான் அவளுக்கு ஆர்? நேற்றுத்தானே கண்டவள். சும்மா ஒருத்தி ஏன் ஒருத்தனைக் காப்பாத்திறாள்?" அவருடைய முகத்தில் நான் அதுவரை காணாத குழப்பம். "இதை விசாரிக்கோணும்."

விசாரித்தார். அக்கராயனுக்குப் போய் அவள் உழுத வயல்காரர்களைக் கேட்டார். உழவு மெசின் திருத்துகிறவனைக் கேட்டார். அவள் வீட்டு வேலிக்கு வெளியே நின்று நாய் குரைக்கும்வரை பார்த்தார். தாய்க்காரி அவரைக் கூப்பிட்டுக் கதிரை போட்டுத் தேத்தண்ணி கொடுத்தார். அண்ணை தாயின் கோப்பையைத் தான் எடுத்துக்கொண்டு தன்னுடையதை அவரிடம் கொடுத்தார். "என்னமோ மருவாத போலன்னு நெனச்சு அம்மா கும்பிட்டாங்க," என்று ராணி எனக்குச் சொன்னாள். சொல்லிவிட்டு, "அண்ணே, அவரு என்னதான் சொல்லப்போறாரு?" என்று கேட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. அந்த வாரமும் போய் அடுத்த வாரமும் பாதி போய்விட்டது. எனக்கு அண்ணையைப் பிடித்து உலுக்கவேண்டும் போல ஆத்திரம் வந்தது.

அந்த ஆத்திரத்தில் எண்ணெய் ஊற்றினார் நானா. வெள்ளிக்கிழமை கடை வாசலில் நின்று என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"தம்பி, உங்கட சென்றியப் பாருங்க. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புற அந்த ஏஜென்சிக்காரனோட மூலையில குந்தி, காலையில இருந்து ஒரே கதை. எனக்கென்னவோ மனசுக்குச் சரியாப் படல்ல."

ராணிக்கு வேலை கிடைக்காவிட்டால் லாபம் யாருக்கு? ஏஜென்சிக்காரனுக்கு. அப்படியானால் இந்த மனிதரும் விலைப்பட்டுவிட்டாரா? உலகத்தையே சந்தேகப்பட்ட ஆளை நாங்கள் யாரும் ஒருநாளும் சந்தேகப்படவில்லையே. அவரைப்போலவே நானும் ஒரு வேலை செய்தேன். கடைக்குள் பதுங்கிப் போய், தொங்கிக்கொண்டிருந்த கதலி வாழைக்குலைக்குப் பின்னால் நின்று காதைக் கொடுத்தேன். ஏஜென்சிக்காரன் ஏதோ கெஞ்சுகிற குரல் கேட்டது. அண்ணை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கிளாக்கர், வாழைக்குலைக்குப் பின்னாலை நிண்டால் கால் தெரியும்," என்றார்.

நான் ஒரு வாழைப்பழம் பிய்த்துக்கொண்டு, அதற்காகவே வந்தவன்போல வெளியே போனேன். அன்று பகல் முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. அவர் அப்படிப்பட்டவர் இல்லை என்று ஒரு மனம் சொல்லியது. ஏன் இல்லை, விசாரித்தாயா என்று மற்ற மனம் அவருடைய குரலிலேயே கேட்டது.

சனிக்கிழமைக் கூட்டத்தில் பஸ் முதலாளிமார் கதிரைகளில் நிறைந்திருந்தார்கள். ராணி வெளியே வேப்பமரத்தடியில், பூநகரி பஸ்ஸின் நிழலில் நின்றாள். தலைவர் தொண்டையைச் செருமினார்.

"பிள்ளை நல்லா ஓட்டுறாள்தான். ஆனால் சரிவராது. விடுவம்."

நான் அண்ணையைப் பார்த்தேன். அவர் சுவரோடு முதுகை ஒட்டி நின்றுகொண்டிருந்தார். இப்போது ஓம் என்பார், ஏஜென்சிக்காரனின் கதை வெளியே வரும் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"ஏன்?" என்றார் அண்ணை.

தலைவர் திடுக்கிட்டார். "ஏன் எண்டால்... சனம் ஏறாது."

"வவுனியாவுக்குக் கதவிலை தொங்கிக்கொண்டு வந்தது சனமில்லையோ? வேறை?"

"ரயர் வெடிச்சால் ஆர் மாத்திறது?"

"உங்கடை றைவர்மார் எப்ப மாத்தினவங்கள்? கொண்டக்டரை மாத்தவிட்டுப்போட்டு நிழலிலை நிண்டு வெத்திலை போடுறவங்கள். நான் மதகுக்குள்ளை இருந்து பார்த்தனான். வேறை?"

"பொம்பிளைப் பிள்ளை. பாதுகாப்பில்லை."

அண்ணை சுவரை விட்டு முன்னால் வந்தார். கூட்டத்தில் அவர் சுவரை விட்டு வந்ததை அன்றைக்குத்தான் கண்டேன்.

"அவளை அரபு நாட்டுக்கு அனுப்பப்போற ஏஜென்சிக்காரனை நேற்று முழுக்க விசாரிச்சனான். வீட்டுக்காரன்ரை பேர் கேட்டன், தெரியாது. எந்த ஊர் எண்டு கேட்டன், தெரியாது. வீட்டிலை எத்தினை பேர் எண்டு கேட்டன், தெரியாது. கடைசியிலை அழுதுகொண்டு தேத்தண்ணியையும் விட்டிட்டு ஓடிட்டான். அங்கை அவளை நம்பி அனுப்பலாம், இஞ்சை அவளை நம்பி ஒரு பஸ்ஸைக் குடுக்க ஏலாதோ? உண்மையைச் சொல்லுங்கோ தலைவர். ஏன் வேண்டாம்?"

தலைவர் வியர்த்தார். அந்தக் கேள்விக்கு முன்னால் எத்தனையோ பேர் ஓடியதைப் பார்த்து அவர் சிரித்திருக்கிறார். இன்றைக்கு அவருக்கு ஓட வழியில்லை, அது அவருடைய சொந்த அலுவலகம்.

"என்ரை மனிசி சந்தேகப்படுவா!" என்று கத்திவிட்டார். "என்ரை பஸ்ஸுக்கு நான் ஒரு பொம்பிளையை வைச்சால் மனிசி என்னை வீட்டிலை இருக்கவிடமாட்டா. போதுமோ?"

சென்றி அண்ணையின் முகம் மலர்ந்தது. கொஞ்ச நேரம் தலைவரைப் பாசத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது காரணம்," என்றார். "இதை முதலே சொல்லியிருந்தால் இவ்வளவு கதை தேவையில்லையே. வாங்கோ, உங்கடை வீட்டை போவம்."

நானும் தொற்றிக்கொண்டு போனேன். விடுவேனா? தலைவரின் மனைவி குசினி வாசலில் ஈரக் கையோடு நின்றார். அண்ணை சுற்றி வளைக்கவில்லை.

"தங்கச்சி, உங்கடை மனிசனிலை எனக்கும் பெரிய நம்பிக்கை இல்லை."

"அப்பிடிச் சொல்லுங்கோ அண்ணை," என்றார் அவர், உடனே கதிரையை இழுத்துப் போட்டு.

"பூநகரி பஸ்ஸுக்கு ஒரு பிள்ளையை றைவரா எடுக்கப்போகினம். அவளை நான் விசாரிச்சிட்டன். சொக்கத் தங்கம். இவரைத்தான் பார்க்கோணும். ஒவ்வொரு நாளும் அந்த பஸ்ஸிலை முதல் சீற்றிலை நான் இருப்பன். இவர் தலைக்கறுப்பு அந்தப் பக்கம் தெரிஞ்சால் முதல் செய்தி உங்களுக்கு. சரியோ?"

"இவ்வளவு காலமும் நான் தேடினது இப்பிடி ஒரு ஆளைத்தான்," என்றார் அந்த அம்மா, நா தழுதழுக்க. உள்ளே போய்த் தேத்தண்ணி கொண்டுவந்தார். அண்ணை தலைவரின் கோப்பையை எடுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை கொழும்புக்குப் போகவேண்டியவள் பூநகரிக்குப் போனாள். பிள்ளைகள் இரண்டும் பாட்டியின் கையைப் பிடித்தபடி நிலைய வாசலில் நின்று பஸ்ஸுக்குக் கை காட்டின. சின்னது சந்தோஷத்தில் செருப்பைக் கழற்றித் தலைக்கு மேல் ஆட்டியது. நான் அலுவலகத்துக்குள் போய் யாரும் பார்க்காமல் மூக்கைச் சீறிக்கொண்டேன். ராணியைப் பார்த்து அதற்குப் பிறகு இன்னும் இரண்டு பெண்கள் எங்கள் சுவரில் இருந்த அறிவித்தலைப் பார்த்து வந்தார்கள். அவர்களையும் அண்ணை சுற்றி வட்டம் நடந்தார். அது வேறு கதை.

நான் பிறகு அந்த வேலையை விட்டுப் பேப்பருக்கு வந்துவிட்டேன். அண்மையில் ஒரு அலுவலாகப் பூநகரிப் பக்கம் போகவேண்டியிருந்தது. ஏறினால், சாரதி இருக்கையில் ராணி, தலையில் இரண்டொரு நரை. அவளுக்குப் பின்னால் சென்றி அண்ணை. சங்கத்திலிருந்து ஓய்வு பெற்றுக் கனகாலம். தலைவரும் கால் ஏலாமல் வீட்டோடு இருக்கிறார், இனி அவருடைய மனைவிக்குச் சந்தேகப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் அண்ணை நாள்தோறும் வருகிறாராம். "அவருக்கு என் மேல இன்னும் சந்தேகமாம் அண்ணே," என்று ராணி கண்ணாடியில் பார்த்துச் சிரித்தாள்.

நான் அவருக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். ஏன் பூநகரிக்குப் போகிறீர், அங்கே யார் இருக்கினம் என்று கேட்பார், என்ன பதில் சொல்லலாம் என்று யோசித்து வைத்துக்கொண்டேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. குனிந்து பார்த்தேன். மனிதர் வாயைத் திறந்தபடி ஆழ்ந்த நித்திரை. ஓடுகிற பஸ்ஸில், இத்தனை முன்பின் தெரியாத சனத்துக்கு நடுவில், முதுகுக்குப் பின்னால் சுவர்கூட இல்லாமல்.

"எழுப்பிடாதீங்க," என்றாள் ராணி மெதுவாக. "எங்கூட வரும்போது மட்டுந்தான் தூங்குறாருன்னு அவங்க வீட்டுல சொல்றாங்க. பூநகரி வாடியடி வரைக்கும் போயித் திரும்பி வரும்போது தானா எழும்பிடுவாரு." சொல்லிவிட்டு முன்னால் இருந்த பள்ளத்தை பஸ் குலுங்காமல் சுற்றிப் போனாள்.

தண்ணீர் வற்றிய வெளியின் காற்று யன்னலால் அடித்தது. அவருடைய தலை மெல்லச் சரிந்து என் தோளில் விழுந்தது. கொஞ்சம் பாரமான தலை. அந்த மனிதரில் எனக்கு எவ்வளவு விருப்பம் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. நான் இறங்கவேண்டிய சந்தி வந்தது. நடத்துனர் என்னைப் பார்த்தார். தோள் அசையாமல், போகட்டும் என்று கையை மட்டும் காட்டினேன்.